ஒரு மில்லிமீட்டரின் விலை

பிளைவுட் பலகையைப் பிசகாமல் வெட்ட உதவும் கைடு ரெயிலும் அதன் துணைக்கருவிகளும்

வீடு கட்டி முடித்தவர்களும், அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகக் குடியேறியவர்களும் அடுத்தபடியாகச் சந்திக்கும் பெருஞ்செலவு மரவேலை. சமையலறை அலமாரி, துணி அலமாரி, புத்தக அடுக்கு, கட்டில் என எதை எடுத்துக்கொண்டாலும், இன்று பெரும்பாலும் ஒரே பொருளிலிருந்துதான் அது உருவாகிறது. எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட பிளைவுட் பலகையே அந்தப் பொருள். கடைக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். ஒரு பலகை 32 சதுர அடி. தரமான பலகை ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. நடுத்தர அளவுள்ள ஒரு சமையலறைக்கே பத்துக்கும் மேற்பட்ட பலகைகள் தேவைப்படுவதுண்டு.

பலகையைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் அக்கறைக்குக் குறைவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, பொதுப் பயன்பாட்டுக்கான ஐ.எஸ். 303 தரமா, நீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 தரமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் வாங்கி வந்த பலகை எப்படி வெட்டப்படுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கதவு சரியாக மூடாதபோதும், இழுப்பறை பாதியில் இறுகி நிற்கும்போதும் கீலைக் குறை சொல்கிறோம். மழைக்காலத்தைக் குறை சொல்கிறோம். பல வேளைகளில் குறை தொடங்கிய இடம் வேறு. வெட்டிய முதல் கோடு அரை மில்லிமீட்டர் விலகியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த அரை மில்லிமீட்டரைத் தேடித்தான் மேற்கு டெல்லியின் கீர்த்தி நகருக்கு நாம் சென்றோம்.

கீர்த்தி நகரில் ஒரு காலை

அறைகலன் கடைகளுக்கும் மரக்கடைகளுக்கும் பெயர்பெற்ற பகுதி கீர்த்தி நகர். அங்கே ஒரு சந்தின் உட்புறம் அமைந்திருக்கிறது நாம் பார்த்த பட்டறை. மூவர் வேலை செய்யும் சிறிய இடம். மரச் செதுக்குவேலைக்குப் புகழ்பெற்ற சகாரன்பூரிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவர் அதன் தலைமைத் தச்சர். வட இந்தியப் பட்டறைகளில் வழங்கும் வழக்கப்படி மற்ற இருவரும் அவரை "உஸ்தாத்" என்று அழைக்கிறார்கள். அவர்களுள் இளையவருக்கு "சோட்டு" என்று பெயர்.

அன்றைக்கு ஒரு சமையலறைக்கான அடிப்பெட்டிகளின் பக்கப்பலகைகளை வெட்டவேண்டியிருந்தது. பலகை 18 மி.மீ. தடிமன், ஒரு முகத்தில் வெண்ணிற மைக்கா ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது. தப்பாக வெட்டினால் பலகையோடு மைக்காவின் விலையும் போய்விடும். உஸ்தாத் முதலில் ரம்பத்தைத் தொடவில்லை. சுவரோரம் நின்ற ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். அதில் கீற்றுகளும் கோணல் துண்டுகளும் நிறைந்திருந்தன. "இவை எல்லாம் என் பழைய கணக்கு, கையால் பிடித்து வெட்டிய காலத்துக் கணக்கு" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வேலையில் மூன்று பலகைகள் கோணலாகிப் போயினவாம். அந்த வீட்டுக்காரர் பணம் தர மறுத்துவிட்டார். அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது என்பதையும் உஸ்தாத் மறைக்கவில்லை. அம்மாதக் கூலி அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

கைடு ரெயில் என்பது என்ன?

கைடு ரெயில் என்பது அலுமினியத்தால் ஆன, நீண்ட, தட்டையான ஒரு வழித்தண்டு. அதன் மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு முகடு ஓடுகிறது. மின்ரம்பத்தின் அடித்தட்டில் உள்ள பள்ளம் அந்த முகட்டின்மேல் பொருந்திக்கொள்ளும். ரம்பம் இடமோ வலமோ விலக வழியில்லை. தண்டு எங்கே போகிறதோ அங்கேதான் போகும். தண்டின் அடியில் வழுக்காத இரப்பர் கீற்றுகள் ஒட்டப்பட்டிருப்பதால் அது பலகைமேல் நகராமல் படிந்திருக்கும். இதற்கென்றே அமைந்த ரம்பத்தைக் கடைகளில் "டிராக் சா" என்பர். பிளேடு கூட்டுக்குள் மறைந்திருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது மட்டுமே பலகைக்குள் இறங்கும்.

தொழிற்சாலைகளில் உள்ள பெரிய பேனல் ரம்பத்தில் ரம்பம் நிலையாக இருக்க, பலகை நகர்கிறது. இங்கே பலகை நிலையாக இருக்க, ரம்பம் நகர்கிறது. முழுப் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அதைத் தூக்கிப் பிடித்து ரம்பத்தின்மீது நேராகத் தள்ளிச் செல்வது சிறிய பட்டறையில் இயலாத காரியம். வாடிக்கையாளர் வீட்டுக்கூடத்தில் அறவே இயலாது. பலகையைக் கிடத்திவிட்டு ரம்பத்தை நகர்த்தும் இந்த முறை நம் ஊர்த் தச்சர்களுக்கு ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே.

முதல் வெட்டு ரெயிலுக்கே

புதிய ரெயிலின் ஓர் ஓரத்தில் மென்மையான, மெல்லிய பட்டை ஒன்று ஒட்டப்பட்டு வருகிறது. வாங்கியபோது அது சற்று அகலமாகவே இருக்கும். முதன்முதலில் ரம்பத்தை ரெயிலில் ஏற்றி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டும்போது பிளேடு அந்தப் பட்டையையும் சேர்த்து அரிந்துவிடுகிறது. அதன்பின் பட்டையின் ஓரம் எதுவோ, பிளேடு செல்லும் கோடும் அதுவே. பென்சில் குறிமேல் அந்த ஓரத்தை வைத்தால் போதும். ரம்பத்தின் அடித்தட்டு அகலத்தைக் கழித்துக் கணக்குப் போடும் வேலை இல்லை.

அந்தப் பட்டைக்கு இன்னொரு பணியும் உண்டு. கைரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுகின்றன. அதனால் பலகையின் மேல்முகத்தில்தான் சில்லு பெயர்கிறது. பட்டை அந்த இழைகளை அழுத்திப் பிடித்துக்கொள்வதால் மைக்காவின் விளிம்பு கூராகவும் சுத்தமாகவும் அமைகிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு ரெயிலுக்கு அடியில் இருக்கும் பகுதிக்கு மட்டுமே. ஆகவே நமக்கு வேண்டிய துண்டு ரெயிலுக்கு அடியிலும், கழிவுத் துண்டு வெளியிலும் இருக்கவேண்டும். ரம்பத்தை மாற்றினாலோ, வேறு தடிமனுள்ள பிளேடு பொருத்தினாலோ பட்டையின் ஓரமும் வெட்டுக்கோடும் ஒன்றாக இரா. அப்போது பழைய பட்டையை உரித்துவிட்டுப் புதியது ஒட்டுவதே முறை. இரண்டு ரம்பங்களுக்கு ஒரே ரெயிலைப் பயன்படுத்திவிட்டு அளவு தவறியதென்று வருந்துவோர் உண்டு.

துணைக்கருவிகள் ஐந்து

ரெயில் மட்டும் இருந்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கும். ஒரே அளவில், ஒரே கோணத்தில், மீண்டும் மீண்டும் வெட்டவேண்டுமானால் துணைக்கருவிகள் தேவை. உஸ்தாத் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

முதலாவது, பிடிப்பான். ரெயிலின் அடிப்புறத்தில் ஓடும் காடிக்குள் நுழைந்து, பலகையைக் கீழிருந்து கவ்விக்கொள்ளும் கிளாம்ப் இது. இரப்பர் கீற்றே போதும் என்று சிலர் இதைத் தவிர்க்கிறார்கள். கீற்றில் மரத்தூள் படிந்துவிட்டால் ரெயில் வழுக்கும். வழுவழுப்பான மைக்காவின்மேல் இந்த ஆபத்து கூடுதல். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பு கீற்றையும் பலகையையும் துணியால் துடைப்பதும், இரு முனைகளிலும் கிளாம்ப் போடுவதும் அரை நிமிட வேலைதான்.

இரண்டாவது, இணைப்பான். 1.4 அல்லது 1.5 மீட்டர் நீள ரெயில் பலகையைக் குறுக்கே வெட்டப் போதுமானது. நீளவாக்கில் 2,440 மி.மீ. வெட்ட அது போதாது. ரம்பம் பலகைக்குள் நுழையும் முன்னும் வெளியேறிய பின்னும் ரெயில்மேல் முழுதாக அமர்ந்திருக்கவேண்டுமாதலால், பலகையைவிட ரெயில் இருபுறமும் சற்று நீண்டிருக்கவேண்டும். மூன்று மீட்டர் ரெயிலும் விற்கப்படுகிறது. ஆனால் ஆட்டோவிலும் மின்தூக்கியிலும் அதை ஏற்றிச்செல்வது கடினம். ஆகையால் பலர் இரண்டு குட்டை ரெயில்களை உலோக இணைப்பான்களால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, ரெயில் மூலைமட்டம். ரெயிலோடு பொருந்தும் இதன் ஒரு கை பலகையின் ஓரத்தில் அணைந்து நிற்க, ரெயில் தானாகவே 90 பாகைக்கு வந்துவிடும். இரு இடங்களில் குறியிட்டுச் சேர்க்கவேண்டியதில்லை. ஒரு குறி போதும்.

நான்காவது, இணை அளவுக்கை. ரெயிலின் இரு முனைகளிலும் அளவுகோல் பொறித்த இரண்டு கைகள் நீண்டிருக்கும். இரண்டிலும் தடுப்பை ஒரே அளவில் நிறுத்தி, பலகையின் ஓரத்தில் மாட்டிவிட்டால் எத்தனை கீற்றுகள் வெட்டினாலும் அகலம் மாறாது. ஒவ்வொரு முறையும் அளவு நாடாவைப் பிடிக்கும்போது கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் சிறு பிழை இங்கே இல்லை. ஒரு பிழை இருந்தாலும் எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே அளவாக இருக்கும், பெட்டி கோணாது.

ஐந்தாவது, தூசிக்குழாய். ரம்பத்தின் பின்புறம் பொருத்தி, உறிஞ்சும் கருவியோடு இணைப்பது. இதன் தேவையைப் பின்னர் காண்போம்.

பென்சில் கோடு சொன்ன உண்மை

வேலை தொடங்கியது. இரண்டு ரெயில்களையும் சோட்டு சேர்த்து, திருகுகளை முறுக்கிப் பலகைமேல் வைத்தார். பார்வைக்கு ஒரே தண்டுபோல் இருந்தது.

"உஸ்தாத், ரெயில் தயார். ஓட்டலாமா?"

"கோடு போட்டுப் பார்த்தாயா?"

இளைஞர் தலையைச் சொறிந்தார். உஸ்தாத் பழைய பலகை ஒன்றின்மேல் ரெயிலைக் கிடத்தச் செய்து, அலுமினிய விளிம்பை ஒட்டிக் கூரிய பென்சிலால் முழு நீளத்துக்கும் கோடு இழுத்தார். பின்பு ரெயிலை அப்படியே முனை மாற்றித் திருப்பி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபக்கத்திலிருந்து கொண்டுவந்து, இரு முனைகளையும் பழைய கோட்டின் முனைகளோடு பொருத்தி, மீண்டும் ஒரு கோடு இழுத்தார். விளிம்பு நேராக இருந்தால் இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவேண்டும். இங்கே நடுவில் பிரிந்து நின்றன. அளந்து பார்த்தபோது இடைவெளி 3 மி.மீ. திருப்பிப் போடும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் உண்மையான வளைவு ஒன்றரை மி.மீ.

ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதா என்று நாம் கேட்டோம். உஸ்தாத் விரலால் பலகைமேல் வரைந்து காட்டினார். இப்படி வெட்டிய இரண்டு விளிம்புகளை எதிரெதிரே சேர்த்தால் முனைகளிலோ நடுவிலோ 3 மி.மீ. சந்து விழும். அலமாரிக் கதவுகளுக்கு இடையே விடும் இடைவெளியே பொதுவாக இரண்டு, மூன்று மி.மீ.தான். அதோடு முடிவதில்லை. அந்த வளைந்த விளிம்பில் மூலைமட்டத்தை அணைத்துத்தான் அடுத்த குறுக்குவெட்டு நடைபெறும். 1,220 மி.மீ. தொலைவில் ஒன்றரை மி.மீ. சாய்ந்த விளிம்பு, 580 மி.மீ. அகலமுள்ள பக்கப்பலகையில் ஏறத்தாழ 0.7 மி.மீ. கோணலைத் தரும். அதன் எதிர்ப்பக்கத்தில் வரும் பலகை மறுபுறமாகச் சாய்ந்திருந்தால் பிழை இரட்டிப்பு. பெட்டி நான்கு காலிலும் படியாது. படியவைக்க அடியில் சக்கை கொடுப்பார்கள். பிறகு கதவு சாயும்.

திருகுகளைத் தளர்த்தி, நீண்ட நேர்ச்சட்டம் ஒன்றை இரு ரெயில்களின் அலுமினிய விளிம்புகளிலும் ஒருசேர அணைத்துப் பிடித்து, அந்த நிலையிலேயே மறுபடி முறுக்கினார்கள். மென்பட்டை இருக்கும் ஓரத்தில் சட்டத்தை வைக்கலாகாது. அது அமுங்கிப் பொய் சொல்லும். மீண்டும் பென்சில் சோதனை. இம்முறை இரு கோடுகள் ஒன்றாயின. அந்தச் சோதனைக்கு ஆன நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. அது காப்பாற்றியது ஒரு முழுப் பலகையை.

மூலைமட்டத்துக்கும் இதே சோதனை பொருந்தும். நேரான ஓரத்தில் அணைத்து ஒரு கோடு, புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு. இரண்டும் விலகினால் விலகலில் பாதி அதன் பிழை. ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் 1,220 மி.மீ. தொலைவில் அது 2 மி.மீ. ஆகிவிடும். கீழே விழுந்த மூலைமட்டத்தைச் சோதிக்காமல் நம்புவது, எண்ணிப் பாராமல் பணக்கட்டை வாங்கிக்கொள்வது போன்றது.

ரம்பம் தின்னும் அகலம்

வெட்டும் கணக்கில் பலர் தவறவிடும் ஒரு செலவு உண்டு. பிளேடு பலகையை இரண்டாகப் பிரிக்கும்போது தன் அகலத்துக்கு ஏற்ப மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. 2.2 மி.மீ. தடிமனுள்ள பிளேடு என்றால் ஒவ்வொரு வெட்டிலும் 2.2 மி.மீ. போய்விடும். 1,220 மி.மீ. அகலமுள்ள பலகையிலிருந்து தலா 305 மி.மீ. அகலத்தில் நான்கு அடுக்குகள் வரும் என்று காகிதம் சொல்லும். மூன்று வெட்டுகளுக்கு 6.6 மி.மீ. கழிந்தபின் நான்காவது அடுக்கு 298.4 மி.மீ. மட்டுமே இருக்கும். கடைசித் துண்டைக் கையில் எடுத்தபின் இது தெரிந்து பயனில்லை.

அன்றைய வேலையின் கணக்கை உஸ்தாத் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார். பக்கப்பலகை ஒவ்வொன்றும் 720 மி.மீ. உயரம், 580 மி.மீ. ஆழம். நீளத்தில் மூன்று, அகலத்தில் இரண்டு; ஆக ஒரு பலகையில் ஆறு. அகலத்தில் 1,160 போக மீதி 60 மி.மீ.; நீளத்தில் 2,160 போக மீதி 280 மி.மீ. ஓரத்தைச் செப்பனிட ஒரு வெட்டையும் சேர்த்தால் அகலத்துக்கு மூன்று வெட்டுகள், 6.6 மி.மீ.; நீளத்துக்கு நான்கு வெட்டுகள், 8.8 மி.மீ. அதுபோக நீளத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 270 மி.மீ. அதையும் அவர் வீசுவதில்லை. பெட்டியின் மேற்புறம் தாங்கும் 100 மி.மீ. சட்டங்கள் அதிலிருந்து வருகின்றன.

வெட்டும் வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. லாரியிலும் கிடங்கிலும் அடிபட்ட ஆலை விளிம்பை அவர் நம்புவதில்லை. முதலில் நீளவாக்கில் ஐந்து மி.மீ. அளவுக்குச் சீவி ஒரு நம்பகமான ஓரத்தை உண்டாக்குகிறார். அந்த ஓரத்திலிருந்து இணை அளவுக்கை கொண்டு 580 மி.மீ. அகலத்தில் இரண்டு நீண்ட கீற்றுகள். பின்னர் மூலைமட்டத்தை அதே ஓரத்தில் அணைத்துக் குறுக்குவெட்டு. ஒரே ஓரத்திலிருந்து எல்லா அளவுகளும் பிறக்கவேண்டும் என்பது அவருடைய விதி. முதல் துண்டு வெட்டியதும் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தார். இரண்டும் 925 மி.மீ.யைத் தொட்டுச் சற்றே குறைந்து நின்றன. ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை. மூலைவிட்டங்கள் சமமாயின் செவ்வகம் நேர். இந்தச் சோதனைக்கு அளவு நாடா ஒன்றே போதும். வீட்டுக்காரரும் செய்து பார்க்கலாம்.

விரலுக்கு விலையில்லை

பேசிக்கொண்டிருந்தபோது உஸ்தாதின் இடக்கைக் கட்டைவிரல் நம் கண்ணில் பட்டது. நுனி இல்லை. கேட்கத் தயங்கினோம், அவரே சொன்னார். மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி, ஒரு கையால் பலகையையும் மறு கையால் இயந்திரத்தையும் பிடித்து வெட்டிய காலம் அது. வெட்டி முடியும் தறுவாயில் துண்டு சாய்ந்து பிளேடைக் கவ்வியது. இயந்திரம் பின்னோக்கி எகிறியது. நாற்பது நாட்கள் வேலை இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென வைத்திருந்த சேமிப்பு மருத்துவத்துக்குப் போயிற்று.

நம் நாட்டில் வீடுகளுக்கு வந்து மரவேலை செய்யும் தச்சர்களிடம் இந்த மார்பிள் கட்டர் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. விலை குறைவு, எடை குறைவு என்பதே காரணம். ஆனால் அது கல் வெட்டுவதற்கு வடிவமைக்கப்பட்டது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் கட்டர்கள் சாதாரணம்; மரம் வெட்டும் வட்டரம்பங்களோ ஏறத்தாழ 5,000 சுற்றுகளில் இயங்குபவை. மரத்தில் சிக்கிய பிளேடு எகிறும்போது கையைக் காக்கும் அமைப்பும் கட்டரில் இல்லை. ரெயிலில் ஓடும் ரம்பத்தை இரு கைகளாலும் பிடிக்கமுடியும். கைகள் வெட்டுக்கோட்டிலிருந்து விலகியே இருக்கும். கைப்பிடியை விட்டால் பிளேடு கூட்டுக்குள் ஏறிவிடும்.

அதனாலேயே அசட்டையாக இருந்துவிடலாகாது. பலகை முழுவதும் தரையிலோ மேசையிலோ சமமாகத் தாங்கப்பட்டிருக்கவேண்டும். பழைய பலகைக் கீற்றுகளையோ கெட்டியான தெர்மோகோல் பலகையையோ அடியில் பரப்பினால், வெட்டிய துண்டு தொங்கிப் பிளேடைக் கவ்வாது. பிளேடின் ஆழம் பலகையைக் கடந்து சில மி.மீ. மட்டுமே வெளியே தெரியும்படி இருக்கவேண்டும். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கவேண்டும். மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது உயிர்காக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூசி. உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டு மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. தூசிக்குழாயும் பொருத்தமான முகக்கவசமும் வேண்டும். வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் அறைகளுக்கு அருகே வெட்டுவேலை நடப்பதானால், தூசி உறிஞ்சும் கருவி இருக்கிறதா என்று தச்சரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கையில் பணம் குறைவென்றால்

நல்ல ரம்பமும் ரெயிலும் துணைக்கருவிகளும் சேர்ந்தால் சிறு பட்டறைக்குப் பெரிய முதலீடுதான். முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் வாங்கவேண்டும் என்பதில்லை. உஸ்தாத் தொடங்கியது தாமே செய்துகொண்ட வழிகாட்டியில்தான். 6 மி.மீ. பிளைவுட் கீற்றின்மேல், நேரான அலுமினியச் செவ்வகக் குழாய் ஒன்றைத் திருகினார். சாதாரண வட்டரம்பத்தின் அடித்தட்டை அந்தக் குழாயில் அணைத்து ஒருமுறை ஓட்டியதும், கீற்றின் ஓரம் பிளேடின் கோட்டுக்கே அரியப்பட்டுவிட்டது. அன்றுமுதல் அந்த ஓரமே அவருக்கு வெட்டுக்கோடு. தத்துவம் ஒன்றுதான், ரம்பம் பின்வாங்கும்போது விலகாமல் காக்கும் முகடு மட்டும் அதில் இல்லை. அடுத்து ரம்பமும் ஒரு ரெயிலும் கிளாம்புகளும், அதன்பின் இரண்டாவது ரெயிலும் இணைப்பானும், கடைசியாக மூலைமட்டமும் அளவுக்கையும் என்று வேலை வரவர வாங்கினார்.

கருவிக்குக் கடன் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. ஒரு பலகை 3,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டில் பத்துப் பலகைகள் வீணாவது 35,000 ரூபாய் இழப்பு. அந்த இழப்பையும், திருத்தி வெட்டுவதில் போகும் நாட்களையும் கடன் தவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வேலை நிலையாக வருகிறதா என்பதையும் மறவாமல் எண்ணவேண்டும். வராத வேலைக்கு வாங்கிய கருவி வட்டியை மட்டுமே வெட்டித்தரும்.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் அடங்கும் 18 தொழில்களுள் தச்சுத்தொழிலும் ஒன்று. இதில் 5 முதல் 7 நாட்கள் வரையிலான அடிப்படைப் பயிற்சியும், பயிற்சி நாட்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை மின்னணுச் சீட்டும் உண்டு. பிணையில்லாக் கடன் முதல் தவணையில் 1 லட்சம் ரூபாய், அதை ஒழுங்காகச் செலுத்தினால் இரண்டாம் தவணையில் 2 லட்சம் ரூபாய். பயனாளி செலுத்தும் வட்டி 5 சதவீதம். முதற்கடனைத் திருப்பிச் செலுத்த 18 மாதங்களும், இரண்டாவதற்கு 30 மாதங்களும் தரப்படுகின்றன. இதைவிடக் கூடுதல் முதலீடு தேவைப்படும் பட்டறைகள் 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தை நாடலாம். அதில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் 5 லட்சம் வரையிலும், தருண் 10 லட்சம் வரையிலும் கடனளிக்கிறது. விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதிகளை வங்கிக் கிளையில் கேட்டறிவது நலம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கவேண்டியதுமில்லை.

வீட்டு உரிமையாளர் கவனத்துக்கு

மரவேலையை ஒப்படைக்கும் முன் நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. பலகைகளை எங்கே, எதைக் கொண்டு வெட்டுவீர்கள்? வெட்டும் வரைபடம் போட்டிருக்கிறீர்களா? ஒரு பலகையில் எத்தனை துண்டுகள் வரும், எவ்வளவு மிஞ்சும்? இக்கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்பவர் பெரும்பாலும் கவனமாக வெட்டுபவராகவே இருப்பார். முதல் பெட்டி சேர்ந்ததும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். விளிம்புப் பட்டை ஒட்டுவதற்கு முன்பு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் பிளேடு மழுங்கியிருக்கலாம், அல்லது மைக்காவுக்கு ஏற்ற நெருக்கமான பற்கள் அதில் இல்லாதிருக்கலாம்.

அதே வேளையில் நம் பங்கும் ஒன்று இருக்கிறது. நல்ல கருவியில் வெட்டுபவர் சற்றுக் கூடுதல் கூலி கேட்டால், அந்தத் தொகையில் ஒரு பகுதி நமக்கே மிச்சமாகத் திரும்பி வருகிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். சதுர அடிக்குச் சில ரூபாய் குறைத்துப் பேசி, கட்டரால் வெட்டுபவரைத் தேடிப் பிடிப்பது சிக்கனமாகாது. அந்தக் குறைவின் விலையை நம் கதவுகளும், சில வேளை ஒருவரின் விரல்களும் கொடுக்கின்றன.

மாலையில் நாம் விடைபெற்றபோது ஆறு பக்கப்பலகைகளும் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. உஸ்தாத் அவற்றின் மேல் விளிம்புகளைக் கையால் தடவினார். ஆறும் ஒரே பலகைபோல் வழுவழுத்தன. சோட்டு ரெயிலைக் கழற்றி, துடைத்து, உறையிலிட்டு, சுவரில் நிமிர்த்தி வைக்காமல் தட்டையாகக் கிடத்தினார். தகரப் பெட்டியில் அன்றைக்கு விழுந்தவை இரண்டு மெல்லிய கீற்றுகளும் ஒரு பிடி மரத்தூளும்தான்.